துணி அலமாரி செய்யப் போகிறவர்களுக்கு: அளவெடுப்பதிலிருந்து கடைசித் தவணை வரை

புது வீட்டுக்காரர்கள் அலமாரி வேலையை வண்ண அட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பலகை மேல் ஒட்டும் மைக்கா எந்த நிறம், கைப்பிடி கறுப்பா தங்க நிறமா, ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி வைக்கலாமா என்று நாள்கணக்கில் பேச்சு ஓடும். உள்ளே எத்தனை தட்டு, எத்தனை இழுப்பறை என்ற கேள்வி வரும்போது மட்டும், "வழக்கமாகப் போடுவது போலப் போட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். பிறகு புடவைக்கு இடம் போதாமல், விற்றுவிடலாம் என்று நினைத்த இரும்பு பீரோ மறுபடியும் படுக்கையறைக்குள் வந்து நிற்கும்.

தொழில் தெரிந்தவரை வைத்துச் செய்கிறோம் என்பதற்காக எல்லா முடிவையும் அவரிடம் விட்டுவிட முடியாது. உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் துணி அவருக்குத் தெரியாது. தட்டு தொய்யாமல், கதவு வளையாமல், ஓதமும் கரையானும் ஏறாமல் அது நிற்பதற்குப் பொறுப்பு அவர். சென்னையின் அடுக்குமாடி வீட்டில், பத்துக்குப் பதினொன்று அடி அளவுள்ள ஒரு படுக்கையறையை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தனி வீட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் துணியை எண்ணுங்கள்

இருக்கும் துணியை எல்லாம் கட்டிலில் கொட்டி, வேண்டாததைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றாகப் பிரியுங்கள்: தொங்க வேண்டியவை, மடித்து வைக்க வேண்டியவை, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எடுப்பவை. மூன்றாவது வகைக்குப் பரண் போதும். கூடுதல் மெத்தை விரிப்பு, பெட்டிகள், கொலு பொம்மைகள் எல்லாம் அங்கே போய்விடும்.

தொங்குபவற்றை ஹேங்கரோடு சேர்த்து அளவெடுங்கள். சட்டைக்குக் கம்பியிலிருந்து கீழே ஏறக்குறைய 40 அங்குலம் வேண்டும். நீளமான சுடிதார், அனார்கலி வகைக்கு 52 அங்குலத்துக்குக் குறைந்தால் நுனி தரையில் மடங்கிக் கிடக்கும். பேன்ட்டைப் பாதியாக மடித்து மாட்டினால் 30 அங்குலம் போதும். ஏழடி உயர அலமாரியில் இரண்டு கம்பி கேட்பவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். 84 அங்குலத்தில் அடிப்பீடம் 4 அங்குலம் போய்விடும். மேல், கீழ் பலகைகள் ஒன்றரை அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 78 சொச்சம். மேலே சட்டை, கீழே பேன்ட் என்றால் தாராளமாக அமையும். இரண்டிலும் சட்டை என்றால் அங்குலம் அங்குலமாக இழுபறிதான். மெல்லிய ஹேங்கரில் ஓரடிக் கம்பிக்குப் பன்னிரண்டு சட்டை வரை கொள்ளும்.

புடவைதான் நம் ஊர் அலமாரியின் பெரிய கேள்வி. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வடிவங்களில் மடித்து வைக்கும் துணிக்கு இடம் மிகக் குறைவு. அதைப் பார்த்து அப்படியே செய்தால் நம் வீட்டுக்கு ஒத்து வராது. ஒரு தட்டில் ஆறு ஏழு புடவைக்கு மேல் அடுக்கினால், அடியில் இருப்பதை உருவும்போது மேலே உள்ளதெல்லாம் சரியும். ஆகவே தட்டுக்குத் தட்டு 10 முதல் 12 அங்குல இடைவெளி விட்டு, தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. கனமான ஜரிகை போட்ட பட்டுப்புடவையைத் தொங்கவிடாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றிப் படுக்க வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அந்தத் தட்டு இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால்தான் அந்த வேலையை நாம் செய்வோம். பரணில் ஏற்றிவிட்டால் அடுத்த கல்யாணம் வரை அதை யாரும் தொடப்போவதில்லை.

வீட்டில் உயரம் குறைந்தவர் யாரோ, அவர் கைக்கு எட்டும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். அதற்கு மேல் அன்றாடத் துணி கூடாது.

2. சுவரையும் அறையையும் பாருங்கள்

அலமாரி நிற்கப் போகும் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது? குளியலறை என்றால் குழாய் இணைப்பும் டைல்ஸ் இடுக்கும் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் வடகிழக்குப் பருவமழையின்போது, அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். வெயில் காலத்தில் பார்த்தால் பெயின்ட் உப்பியிருக்கிறதா, சுண்ணாம்பு போல வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பிளைவுட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால் உள்ளே துணி பூத்துப் போகும்.

கரையான் மருந்தும் இந்தக் கட்டத்திலேயே. தரையும் சுவரும் சேரும் கோட்டில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தி அடைப்பார்கள். அலமாரி வந்துவிட்டால் அந்தக் கோடு அதன் பின்னால் மறைந்துவிடும். பிறகு வெளியே தெரியும் பலகையில் தெளிப்பதோடு சரி.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கட்டடங்களில் மூலை மட்டம் சரியாக உள்ள சுவர் அபூர்வம். மீதி இடைவெளியை ஒரு பட்டை வைத்துத் தச்சர் மூடிவிடுவார்.

பிறகு கதவுகளைத் திறந்து பாருங்கள், கற்பனையில்தான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டரை அடியாவது இருந்தால் கீல் கதவு வைக்கலாம். அதற்குக் குறைந்தால் நகரும் கதவு. பரண் கதவு திறக்கும் வட்டத்தில் மின்விசிறியின் இறக்கை வருகிறதா? ஏசியின் தண்ணீர்க் குழாய் எங்கே இறங்குகிறது? எந்தச் சுவிட்ச் பலகை அலமாரிக்குப் பின்னால் புதைகிறது? எலக்ட்ரீஷியனுக்கு இப்போது அரைநாள் வேலை. பலகை மாட்டிய பிறகு அதே வேலைக்கு அலமாரியின் முதுகை அறுக்க வேண்டியிருக்கும்.

பழைய வீடுகளில் சுவருக்குள்ளேயே கடப்பா கல் தட்டு வைத்த அலமாரி இருக்கும். அதை உடைக்கச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் சற்று நிதானமாகப் பேசுங்கள். கல் தட்டைக் கரையான் தின்னாது, அது தொய்யாது. சட்டம் அடித்துப் புதுக் கதவு மட்டும் போட்டால் செலவு பெரிதும் குறையும். ஒரே குறை, ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் இருப்பதால் ஹேங்கர் குறுக்கே நிற்காது. முன்னோக்கி இழுக்கும் கம்பி ஒன்று பொருத்தினால் சில சட்டைகளுக்காவது வழி பிறக்கும். மற்றபடி அதை மடித்த துணிக்கு என்று ஒதுக்கிவிடலாம்.

3. யாரிடம் கொடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டுக்கே வந்து அறுத்துப் பொருத்தும் தச்சர் ஒருவர். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் மாடுலர் நிறுவனம் இன்னொன்று. வடிவமைப்பாளர் வரைந்து, தன் ஆட்களை வைத்து முடித்துக் கொடுப்பது மூன்றாவது.

கோணல் சுவர், விட்டம் குறுக்கிடும் மூலை, பழைய அலமாரியைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்குத் தச்சரே சரி. இடத்தைப் பார்த்து அங்கேயே மாற்றிக்கொள்வார். நம் ஊர் ஆசாரிகளும் உண்டு, ராஜஸ்தானிலிருந்து வந்து அணியாக வேலை செய்பவர்களும் உண்டு. கைவேலையில் இருவரிடமும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீடு முழுக்கத் தூசி, பசை வாடை, அறுவை இயந்திரத்தின் சத்தம். குடியிருந்துகொண்டே செய்வது கொடுமை. குடியிருப்போர் சங்கத்தின் வேலை நேர விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடுலரில் விளிம்புகள் இயந்திரத்தில் சூடான பசையால் ஒட்டப்படுவதால் அந்த நேர்த்தி கையால் வராது. வீட்டில் ஓரிரு நாளில் பூட்டிவிடுவார்கள். விலையைக் குறைத்துக் காட்டும் இடம் பலகை. கதவு நீங்கலான உள்பெட்டி பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பா, மரத்தூள் பலகையா என்று கேளுங்கள். மரத்தூள் பலகையில் திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி அதே துளையில் பிடிக்காது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். வாடகை வீட்டில் சில ஆண்டுகளுக்கு என்றால் போகட்டும், சொந்த வீட்டுக்கு வேண்டாம் என்பேன்.

யாராக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்கு முன் அவர் செய்த வேலை ஒன்றைப் போய்ப் பாருங்கள். புதிதாக முடித்ததைக் காட்டுவதில் அர்த்தமில்லை; எல்லாப் புது அலமாரியும் அழகுதான். பழையதில் கதவு ஒன்றுக்கொன்று உரசுகிறதா, மைக்கா ஓரம் பிரிகிறதா, இழுப்பறை முழுதாக வெளியே வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

4. படம் இல்லாமல் அறுக்க விடாதீர்கள்

வடிவமைப்பாளர் தரும் வண்ணப்படம் அழகாக இருக்கும். வேலைக்கு உதவுவது கதவுகளைக் கழற்றிவிட்டு உள்ளே மட்டும் வரைந்த கோட்டுப்படம். ஒவ்வொரு தட்டின் உயரமும், கம்பியின் உயரமும், இழுப்பறையின் அகலமும் எண்ணால் எழுதியிருக்க வேண்டும். தச்சர் என்றால் கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைந்து கொடுக்கலாம். தாளில் இருப்பதைத் தரையில் சாக்குக்கட்டியால் உண்மை அளவில் வரைந்து பார்ப்பது இன்னும் நல்லது.

அளவு தீர்மானிக்கும்போது பிளைவுட்டின் அளவை மறக்க வேண்டாம். பலகை எட்டுக்கு நாலு அடிதான் வரும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ரம்பம் தின்றது போக 24 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக இரண்டு துண்டு கிடைக்கும். அலமாரியின் ஆழம் எங்கும் இரண்டடியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹேங்கர் 17, 18 அங்குல அகலம். உள்ளே 21, 22 அங்குலம் இருந்தால் தோள் மடங்காது. 27 அங்குல ஆழம் கேட்டால் ஒவ்வொரு பலகையிலும் பெரிய துண்டு வீணாகும். நகரும் கதவுக்கு மட்டும் தண்டவாளம் மூன்று நான்கு அங்குலம் தின்பதால் ஆழம் கூடத்தான் செய்யும்.

தட்டின் நீளம் மூன்றடியைத் தாண்டக் கூடாது. 18 மி.மீ. பலகையாக இருந்தாலும் புடவைப் பாரத்தில் நடுவே தொய்யும். கதவு 18 அங்குல அகலத்துக்குள் இருந்தால் கீலுக்கு நிம்மதி. ஏழடிக் கதவுக்கு நான்கு கீல் போடச் சொல்லுங்கள்.

கதவுக்குப் பின்னால் வரும் இழுப்பறையில் ஒரு சிக்கல் உண்டு, படத்தில் கண்ணுக்குத் தெரியாது. கதவை 90 பாகை திறந்து நிறுத்தும்போது அதன் கனமும் கீலும் திறப்புக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். இழுப்பறை பெட்டியின் முழு அகலத்துக்கு இருந்தால் வெளியே வரும்போது கதவில் இடிக்கும். கீல் பக்கம் ஒரு பட்டை வைத்து இழுப்பறையை உள்ளே தள்ள வேண்டும். இழுப்பறை ஓடும் தண்டவாளமான டெலஸ்கோப்பிக் சேனலும் பக்கத்துக்கு அரை அங்குலம் எடுக்கும். இந்த இரண்டையும் கழித்துத்தான் இழுப்பறையின் அகலம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நீங்கள் சரியான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நகரும் கதவில் சிக்கல் வேறு மாதிரி: இழுப்பறை, கதவு திறக்கும் பாதிக்குள் முழுதாக அடங்க வேண்டும். நடுவில் வைத்தால் எந்தக் கதவைத் தள்ளினாலும் பாதி மறைந்தே இருக்கும்.

5. கொட்டேஷனைப் படிப்பது

விலை சதுர அடிக் கணக்கில் வரும். எந்தச் சதுர அடி என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலோர் முன்பக்க அகலத்தை உயரத்தால் பெருக்குவார்கள்: ஆறடிக்கு ஏழடி என்றால் 42 சதுர அடி. அதன் மேல் இரண்டரை அடிப் பரண் வந்தால் இன்னொரு 15. சிலர் இழுப்பறைக்குத் தனி, கண்ணாடிக்குத் தனி, பூட்டுக்குத் தனி என்று பிறகு சேர்ப்பார்கள். இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும் முன் இரண்டிலும் இவை எல்லாம் எழுதியிருக்க வேண்டும்:

– பிளைவுட்டின் நிறுவனம், தரம், கனம். முதுகுப் பலகையின் கனம் தனியாக
– மைக்கா வெளியே 1 மி.மீ.யா, உள்ளே எவ்வளவு, வண்ண எண்
– கீல், சேனல், பூட்டு எந்த நிறுவனம், எத்தனை, மெதுவாக மூடுவதா சாதாரணமா
– இழுப்பறை எண்ணிக்கை
– ஏற்றுக்கூலி, பழையதை அகற்றும் கூலி, குப்பை அகற்றுவது யார்
– ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா

ஏற்றுக்கூலியைச் சும்மா எழுதவில்லை. 18 மி.மீ. பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், எட்டடிப் பலகை குடியிருப்பின் லிஃப்டுக்குள் நுழையாது. நாலாவது மாடிக்குப் படி வழியாகத் தூக்க வேண்டும் என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது.

பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுவதும் வழக்கம்தான். சென்னையில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் பிளைவுட், மைக்கா, ஹார்டுவேர் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். தச்சரை உடன் அழைத்துப் போகலாம். சில கடைகள் அவருக்குக் கமிஷன் தருவது உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். தனியாக ஒருமுறை போய் விலை கேட்டு வந்தால் போதும். தோராயக் கணக்குக்கு: மேலே சொன்ன 42 சதுர அடி அலமாரிக்கு, இரண்டு பெட்டியாக, ஆறு தட்டு, சில இழுப்பறைகள் என்றால் 18 மி.மீ. பலகை ஆறு வரை ஆகும், முதுகுக்கு மெல்லிய பலகை இரண்டு. பத்துப் பலகை கேட்டால் ஏன் என்று கேட்கலாம்.

பணத்தைத் தவணையாகப் பேசுங்கள். அட்வான்ஸ், பெட்டி நின்றதும் ஒரு பகுதி, கதவு மாட்டியதும் ஒரு பகுதி. கடைசிப் பத்து சதவீதம் குறைப்பட்டியல் முழுதும் தீர்ந்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் வேலையின் நடுவிலும் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்.

6. பொருள் இறங்கும் நாள்

அன்றைக்கு விடுப்பு எடுங்கள். பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரை, தர எண், உரிம எண் மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கான தரநிலை; ஐஎஸ் 710 கடல்சார் பிளைவுட்டுக்கானது. படுக்கையறை அலமாரி முழுவதற்கும் 710 தேவை என்று நான் நினைக்கவில்லை. குளியலறைச் சுவரை ஒட்டிய பெட்டிக்கும் அடிப்பகுதிக்கும் அதைப் போட்டு, மற்றதற்கு ஈரம் தாங்கும் 303 தரம் போட்டால் செலவு அடங்கும். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்த்தால் அது யாருடையது என்று காட்டிவிடும்.

பிறகு பலகையின் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகள் ஒரே கனமாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கறுப்பாகப் பொந்து தெரிந்தால் அந்த இடத்தில் திருகாணி நிற்காது. விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். திடீரென்று ஓசை மாறி வெற்றுப் பெட்டி போல ஒலித்தால் உள்ளே அடுக்கு ஒட்டவில்லை. பலகையைத் தரையில் படுக்க வைத்து மூலை எழும்புகிறதா என்றும் பார்க்கலாம்.

7. வேலை நடக்கும்போது

அறையில் பெயின்ட் வேலை இருந்தால் முதல் பூச்சோடு நிறுத்தி, அலமாரி முடிந்த பிறகு கடைசிப் பூச்சு அடியுங்கள்.

பெட்டி நின்றவுடன், கதவு மாட்டும் முன், உங்கள் படத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு எல்லாத் தட்டையும் அளந்துவிடுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி சாய்ந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதைக் கீலில் திருகிச் சரிக்கட்டுவது ஒப்பேற்றும் வேலை. முதுகுப் பலகை சுவரை ஒட்டாமல் சிறு இடைவெளி இருக்கட்டும்.

கதவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும். வெளியே மைக்கா, உள்ளே வெறும் பெயின்ட் என்று செலவைக் குறைத்தால், இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே மாதிரி ஏற்காததால், ஏழடிக் கதவு வில்லாக வளையும். வெட்டிய ஓரம் எதுவும் மூடாமல் இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத அடி ஓரமும்கூட. ஈரத்துணியால் வீடு துடைக்கும்போது தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

நடுவில் எதையாவது மாற்றத் தோன்றினால் வாயால் சொல்லாதீர்கள். படத்தில் திருத்தி, விலை வித்தியாசத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தம்பி போலப் பழகும் தச்சரிடமும் இதைச் செய்யலாம். அவருக்கும் அது பாதுகாப்பு.

8. வேலையை ஒப்புக்கொள்வது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவுகளுக்கு நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? எல்லா இழுப்பறையிலும் புத்தகங்களை நிரப்பி இழுத்துப் பாருங்கள். வெற்று இழுப்பறை எல்லோருக்கும் வழுக்கிக்கொண்டுதான் வரும். மைக்காவின் மேல் உள்ளங்கையைத் தேய்த்தால் குமிழ் கையில் தட்டுப்படும். குறைகளை எண் போட்டு எழுதி, ஒரு பிரதியைக் கொடுத்து, தீர்ந்ததும் கடைசித் தவணையைத் தாருங்கள். மிஞ்சிய மைக்காத் துண்டு, வண்ண எண், கீல் நிறுவனத்தின் ரசீது மூன்றையும் ஓர் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். ஒரு கதவு அடிபட்டால் அதே நிறத்தைத் தேட அதுதான் வழி.

துணியை அன்றே அடுக்க வேண்டாம். பசையின் வாடை போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், எல்லாக் கதவையும் இழுப்பறையையும் திறந்து, சன்னலையும் திறந்து வையுங்கள். பட்டுப்புடவைகள் கடைசியாகப் போகட்டும். ரசகற்பூர உருண்டையை ஜரிகை மேல் படும்படி போடாமல், சிறு துணியில் முடிந்து தட்டின் ஓரத்தில் வையுங்கள். முதல் மழைக்காலத்தில் கதவு லேசாக இறுகினால் பதற வேண்டியதில்லை. கீலில் உள்ள திருகாணிகளால் கதவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், உள்ளும் வெளியும் நகர்த்தலாம். எது எதற்கு என்பதைத் தச்சர் கிளம்புவதற்கு முன் கேட்டு, ஒருமுறை உங்கள் கையால் திருகிப் பார்த்துவிடுங்கள்.